கியர்க் கோளாறும் கைப்பணமும்

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பள விவகாரத்தையும் வீட்டுப் பழுது விவகாரத்தையும் செயலாளர் விளக்கிவிட்டார். எங்களுக்கு ஒதுக்கிய கால் மணி நேரத்தில் பழைய காரின் கியரைப் பற்றிப் பேசப்போகிறோம். சங்கக் கூட்டத்தில் கார்ப் பேச்சு எதற்கு என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. லயத்து வாசலில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள்! 1993-இல் வெளிவந்து 2009-இல் உற்பத்தி நின்றுபோன வீரா, 1994-இல் வந்து அதே 2009-இல் நின்ற கஞ்சில், அவற்றுக்கும் மூத்த சாகா. பஸ் எட்டிப் பார்க்காத தோட்டத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு சேர்ப்பவை இவையே அன்றோ? கார் படுத்துக்கொண்டால் வீட்டு வருமானமும் கூடவே படுத்துக்கொள்கிறது.

சென்ற மாதம் நம் வெட்டுத் தொழிலாளி ஒருவரின் வீரா நடுச் சந்தியில் நின்றுவிட்டது. கியர்ப்பிடி தொளதொளவென்று ஆடியது. எந்தக் கியரும் விழவில்லை. இழுத்துச் சென்ற பட்டறையிலோ, "கியர் பெட்டி போய்விட்டது, வேறு பெட்டிதான் போடவேண்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். கேட்ட தொகை அவரது ஒரு மாதச் சம்பளத்தையும் விழுங்கி மேலும் கேட்கும் தொகை. மனிதர் காரை இரும்புக் கடைக்குத் தள்ளிவிடும் முடிவுக்கே வந்துவிட்டார். நாங்கள் நாலு பேர் போய் பானெட்டைத் திறந்து பார்த்தோம். உடைந்திருந்தது விரல்நுனி அளவு பிளாஸ்டிக் புஷ் ஒன்றே!

இது எப்படி என்பதைச் சொல்கிறோம். வீரா போன்ற வண்டியில் நாம் கையால் பிடிக்கும் கியர்ப்பிடி, கியர் பெட்டியை நேரே தொடுவதில்லை. இரண்டு கேபிள்கள் நடுவே நின்று வேலை செய்கின்றன. பிடியை இடம் வலமாக அசைத்தால் ஒரு கேபிள் வரிசையைத் தேர்ந்தெடுக்கிறது. முன்னும் பின்னும் தள்ளினால் மற்றது கியரைப் போடுகிறது. கேபிளின் நுனியில் ஒரு வளையம், வளையத்துக்குள் புஷ், புஷ்ஷுக்குள் கியர் பெட்டி நெம்புகோலின் முளை. எஞ்சின் சூட்டில் பல வருடம் வெந்த புஷ் ஒருநாள் நொறுங்கும். வளையம் முளையைவிட்டுக் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் பற்சக்கரங்களுக்கு ஒரு கேடும் வந்திராது.

பிடி தொளதொளத்தால் சந்தேகம் கேபிள்மீதும் புஷ்மீதும் போகட்டும். பிடி இறுகி, கியர் விழும்போது கறகறவென்று அரைத்தால் பெரும்பாலும் கிளச்சைப் பார்க்கவேண்டும். இந்த வேற்றுமை தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சோதிக்கும் முறை எளிது. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிடியை அசைக்கட்டும். மற்றவர் கியர் பெட்டியின்மேல் கேபிள் நுனியைக் கவனிக்கட்டும். கேபிள் அசைந்து நெம்புகோல் அசையாவிட்டால் அந்த நுனிதான் நோய். கேபிளே அசையாவிட்டால் பிடியின் அடிப்பக்கத்தைத் திறந்து பாருங்கள், அல்லது கேபிள் நடுவில் அறுந்திருக்கும். சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால்தான் கை போகும். அப்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கும் வீரம் யாருக்கும் வேண்டாம். நூறு புஷ் வாங்கலாம், ஓர் ஆளை வாங்க முடியாது.

வழியில் உடைந்தால்? கேபிள் நுனியை முளைமீது வைத்து, மங்கு மாட்டும் கம்பி போன்ற மெல்லிய கம்பியால் வாஷரோடு சேர்த்துக் கட்டினால் வீடுவரை வரலாம். கம்பியும் இல்லையென்றால், எஞ்சினை அணைத்துவிட்டு, நெம்புகோலைக் கையாலேயே இரண்டாம் கியருக்குத் தள்ளி, கிளச்சை மிதித்து எஞ்சினை ஓடவிட்டு மெல்ல ஊர்ந்து வரலாம். வழியில் நின்று நின்று புறப்பட்டால் கிளச் தேயும் என்பது நினைவிருக்கட்டும். கம்பிக் கட்டோடு மாதக்கணக்கில் ஓட்டும் சாமர்த்தியசாலிகள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு சொல்: இரும்புக் கம்பி முளையைத் தின்றுவிடும். பிறகு நெம்புகோலையே மாற்றவேண்டி வரும்.

பழைய புஷ்ஷின் துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு உதிரிச் சாமான் கடைக்கு எடுத்துப் போங்கள். உள்வட்டமும் வெளிவட்டமும் ஒத்திருக்கவேண்டும். புது நைலான் புஷ்ஷைச் சில நிமிடம் வெந்நீரில் போட்டால் இளகும். முளையில் ஒட்டிய அழுக்கையும் துருவையும் துடைத்து, துளி கிரீஸ் தடவி, குறடால் அழுத்தி மாட்டிவிடலாம். சுத்தியலால் அடித்தால் நுனி வளையும். வாஷரையும் பூட்டு ஊசியையும் மறவாமல் போடுங்கள். ஊசியில்லாத புஷ் மறுவாரமே கழன்று விழும். சில வண்டிகளில் புஷ் ரப்பராக இருக்கும். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; அங்கே சிலிக்கோன் கிரீஸ் பூசவேண்டும். புஷ் தனியே கிடைக்காவிட்டால் கேபிளையே மாற்றலாம். அதுவும் கியர் பெட்டி விலையாகாது.

பட்டறைக்காரர் எல்லோரும் மோசக்காரர் என்று நாங்கள் சொல்லவில்லை. பெட்டியையே மாற்றினால் அவருக்குச் சிரமம் குறைவு, நமக்குச் செலவு அதிகம். அவ்வளவே. பால் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் யாராவது கணக்கை ஏற்கிறோமா? பட்டறையிலும் அப்படியே கேளுங்கள்: எது உடைந்தது, காட்டு, சாமானுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, தனித்தனியே எழுது, கழற்றிய பழைய சாமானைக் கையில் கொடு. நம் வெட்டுத் தொழிலாளி புஷ் வாங்கக் கொடுத்தது சில வெள்ளிதான். அந்த வீராவில்தான் இன்று அவர் மனைவியோடு கூட்டத்துக்கு வந்திருக்கிறார்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தக் காரையே கோயில் திடலில் நிறுத்தி, புஷ்ஷைக் கழற்றி மாட்டிக் காட்டப்போகிறோம். தாய்மார்களும் வரவேண்டும், உங்களிலும் கார் ஓட்டுபவர் உண்டு. குறடும் கிரீஸும் எங்கள் பொறுப்பு. வெந்நீருக்கு மட்டும் யாராவது ஒரு பிளாஸ்க் கொண்டுவாருங்கள்.