குளிர் தரும் வெப்பம்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஹீலியம் வாயுவைத் திரவமாக்குகின்றனர். அதற்கு மைனஸ் 269 டிகிரிக் குளிர் வேண்டும். அந்நிலையில் 1 வாட் வெப்பத்தை அகற்ற, குறையற்ற இயந்திரமாயினும் சுமார் 70 வாட் மின்சக்தி கேட்கும். நடைமுறையில் அதனினும் பன்மடங்கு. அச்சக்தியின் பெரும்பகுதி, வாயுவை அழுத்தும் இயந்திரத்தில் வெப்பமாகிக் குளிர்விக்கும் நீரில் சேர்கிறது. பின்னர் காற்றில் கலந்து வீணாகிறது.

சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் 2016-இல் திறக்கப்பட்ட மாக்ஸ் 4 ஆய்வுக்கூடம், தன் இயந்திரங்களைக் குளிர்விக்கையில் கழியும் வெப்பத்தை நகரத்து வீடுகளுக்குக் குழாய் வழியே அளிக்கிறது. பெங்களூரில் வீட்டைச் சூடாக்க வேண்டுவதில்லை. ஆயினும், மார்கழி விடியலில் வெந்நீரை நாடாதவர் நம்மில் யார்? ஒருபுறம் மின்சாரம் செலவிட்டு நீரைக் காய்ச்சுகிறோம். மறுபுறம் மின்சாரம் செலவிட்டே காய்ந்த நீரை ஆற்றுகிறோம். ஆய்வுக்கூடமும் மாணவர் விடுதியும் அடுத்தடுத்து அமையுமிடத்திலேனும் இவ்விரண்டையும் இணைப்பது நம் கடமையன்றோ?