நல்ல மன்னன் என்னும் மாயக்கதை

தோழர்களே!

மாயக்கதைகளிலே மன்னன் வருகிறான், மந்திரவாதி வருகிறான், மாணிக்க மகுடம் மின்னுகிறது. அந்த அரண்மனைக்குக் கல் சுமந்தவன் எங்கே? அவனுக்கு அங்கே ஒரே வேலைதான்: "மன்னர் வாழ்க!" என்று முழங்குவது!

வரலாற்றைப் புரட்டுங்கள். 1348-இல் இங்கிலாந்திலே கொள்ளைநோய் புகுந்தது. மக்களிலே மூன்றிலொரு பங்கினருக்குமேல் மாண்டனர். ஏர் பிடிக்க ஆளில்லை; எஞ்சியவன் கூலியை உயர்த்திக் கேட்டான். கிடைத்ததென்ன? பழைய கூலிக்கே பாடுபடு என்று 1351-இல் சட்டம்! பின்னர், தலைக்கு வரி!

பொறுமைக்கும் எல்லை உண்டல்லவா? 1381 ஜூன் திங்களில், வாட் டைலர் தலைமையில் உழவர் படை இலண்டனுக்குள் நுழைந்தது. பண்ணையடிமை முறை ஒழிக என்று கேட்டது. பதினான்கு வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டு இணங்கினான், சாசனமும் தந்தான். மறுநாள், அவன் கண்ணெதிரிலேயே டைலர் வெட்டி வீழ்த்தப்பட்டார். சில வாரங்களில் சாசனமும் செல்லாதென்று அறிவித்தான்!

வீரத்தில் குறையா? இல்லை. அமைச்சன் தீயவன், அரசன் நல்லவன் என்று நம்பினரே, அந்த மாயக்கதைதான் அவர்களை வீழ்த்தியது!

ஆயினும் அந்தக் குருதி வீண்போகவில்லை. தலைவரியைத் தொடர ஆண்டவர்கள் அஞ்சினர். அடுத்த நூற்றாண்டுகளில் பண்ணையடிமை முறையும் தேய்ந்து மாய்ந்தது.

தோழனே! மகுடத்தின் கருணையால் மலர்ந்ததல்ல மக்கள் உரிமை. இன்றிரவு உன் குழந்தை கதை கேட்டால், மன்னனைச் சற்றே ஒதுக்கி வை. கல் சுமந்தவன் கதையைச் சொல்!