பத்துப் பேர் என்றால் பத்துப் பேர்தான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் படகுக் கடன் பற்றிப் பேசச் சொன்னாங்க. போன வருஷம் நம்ம கூட்டத்தில் பெரிய சண்டை நடந்தது அதுக்காகத்தான். அதனால் எதையும் மறைக்காமல் சொல்லிடறேன்.

நான் பழவேற்காடு ஏரிக்கரைக்காரி. எங்க வீட்டுக்காரர் மீன் பிடிக்கிறவர். முன்னெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வலையை இறக்கி வைத்துவிட்டு, சென்னையிலிருந்து வருகிறவர்களை அதே படகில் ஏற்றி, ஏரிக்குள் இருக்கும் சின்னத் தீவுக்கும் முகத்துவாரத்துக்கும் கூட்டிப் போவார். வாரம் பூரா வலை போட்டுக் கிடைக்காத காசு அந்த ஒரு நாளில் கிடைக்கும். என் பெரிய பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டியது அந்தக் காசுதான். நானும் வேண்டாம்னு சொன்னதில்லை.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிப் போன ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனாங்க. அது எங்க படகு இல்லை. ஆனால் எங்க படகிலும் ஒரு லைஃப் ஜாக்கெட்கூடக் கிடையாது. அன்று ராத்திரி எங்க வீட்டுக்காரர் சாப்பிடலை. "நம்ம படகா இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. தடை போட்டாலும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. யாராவது கேட்டால் யாராவது ஏற்றத்தான் செய்றாங்க. ஒளிச்சு ஓட்டும்போது அவசரம்தான் இருக்கும், ஜாக்கெட் இருக்காது.

இந்த நிலையில்தான் போன வருஷம் எங்க குழுவில் என் நாத்தனார் கடன் கேட்டாள். ஃபைபர் படகுக்குக் கூரை போட்டு, பெஞ்சு வைத்து, ஆள் ஏற்றுவதற்கு. நான் கூடாதுன்னு சொன்னேன். அவள் எல்லார் முன்னாடியும், "அண்ணி, உங்க பிள்ளை அந்தக் காசுல படிச்சு முடிச்சாச்சு. என் பிள்ளைன்னு வரும்போது சட்டம் பேசுறீங்களா?" என்று கேட்டாள். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

பதில் தேடித்தான் நானும் ஊக்குநரும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். தெரிந்துகொண்டதைச் சொல்றேன்.

மீன்வளத் துறையில் நம்ம படகுக்குப் பதிவு எண் இருக்கு. அது மீன் பிடிக்க மட்டும்தான். ஆள் ஏற்ற வேண்டுமானால் அது வேற உரிமம். ஏரி, ஆறு போன்ற உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் படகுகளுக்கு 1917-இல் போட்ட பழைய சட்டத்தை மாற்றி, 2021-இல் புதுச் சட்டம் வந்திருக்கு. படகைப் பரிசோதித்துச் சான்று தரணும், பதிவு பண்ணணும், காப்பீடு எடுக்கணும், உயிர்காக்கும் சாதனங்கள் வேணும், ஓட்டுறவருக்குத் தகுதிச் சான்று வேணும். நம்ம ஏரி பறவைகள் சரணாலயமும்கூட. அதனால் வனத்துறையையும் கேட்கணும்.

எதுக்கு இவ்வளவு என்று நானும் நினைத்தேன். யோசித்துப் பாருங்க. வலையும் மீனும் படகின் அடியில் கிடக்கும், நகராது. ஆள் அப்படியா? பெஞ்சில் உயரமா உட்காருவாங்க. பூநாரை தெரியுதுன்னு ஒருத்தர் கை காட்டினால் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பாங்க. மேலே கூரை வேற கனம். ஏரி ஆழமில்லைன்னு தைரியம் சொல்றோம். முகத்துவாரத்தில் தண்ணீர் வடியும்போது இழுக்கிற இழுப்பு நமக்குத் தெரியாதா?

கேரளாவில் தானூரில் 2023 மே 7 அன்று ஒரு உல்லாசப் படகு கவிழ்ந்தது. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. அளவுக்கு மேல் ஆள். குழந்தைகள் பலர் போனாங்க. அங்கேயும் 22 பேர். அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

நம்ம குழுவுக்கும் இதில் பங்கு இருக்கு. உரிமம் இல்லாத படகு கவிழ்ந்தால் காப்பீட்டுக் காசு வராது. கடன் மட்டும் நிற்கும். அந்தத் தீர்மானப் புத்தகத்தில் நாம எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்போம். கடனைக்கூட உழைத்துக் கட்டிடலாம். போன உயிரை எந்தத் தவணையில் கட்டுவது?

அதனால் கூட்டமைப்பில் இரண்டு தீர்மானம் போட்டோம். ஒன்று, உரிமம் இல்லாமல் ஆள் ஏற்றும் படகுக்குக் கடன் இல்லை. இரண்டு, உரிமம் எடுக்க வழி கிடைத்தால் ஜாக்கெட்டுக்கும், காப்பீட்டுக்கும், ஓட்டுநர் பயிற்சிக்கும் நம்ம நிதியிலிருந்தே குறைந்த வட்டியில் கடன். வெறும் தடை எங்களுக்கு வேண்டாம், ஒழுங்கான உரிமம் கொடுங்க என்று மனுவும் கொடுத்திருக்கோம். அதுக்கு இன்னும் பதில் வரலை. கேட்டுக்கிட்டே இருப்போம்.

அந்த மனுவில் என் நாத்தனாரும் கையெழுத்துப் போட்டாள். என்னோட இன்னும் முழுசாப் பேசலை. பேசுவாள், நான் காத்திருக்கேன்.

தங்கச்சிகளே, நாளைக்கு உரிமம் கிடைத்து, படகில் பத்துப் பேர் என்று எழுதியாச்சுன்னு வைத்துக்கொள்ளுங்க. பதினோராவது ஆள் இரட்டைக் காசு நீட்டுவார். அப்போ கரையில் நின்று "முடியாது, அடுத்த நடைக்கு வாங்க" என்று சொல்லப்போவது ஆபீசர் இல்லை, நாமதான். அந்தத் தைரியம் நமக்கு இருந்தால்தான் அந்த உரிமத்துக்கே மதிப்பு.