பெக்கோ வெட்டும் மண்ணும் நம்ம லயமும்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் கல்முனை அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் ஊரில் மலை கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மேற்கே இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து.

அந்த அணைக்கட்டு வேலை 1949-ல் தொடங்கியது. அமெரிக்காவின் மொறிசன் நட்சன் கம்பனி பெரிய பெரிய இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கியது. பழைய காலத்துக் குளக்கட்டுகள் மம்பட்டியாலும் கூடையாலும் எழுந்தவை. இதுவோ 1 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 40 மீட்டருக்கு மேல் உயரம். சில வருஷத்திலேயே எழுந்துவிட்டது, இன்றைக்கும் நிற்கிறது.

மண் கட்டு எப்படி நிற்கிறது? வெறுமனே கொட்டினால் நிற்காது. அடுக்கு அடுக்காகப் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

இப்போது தோட்டத்துக்குள்ளும் ரோட்டுப் போட, வீடு கட்ட பெக்கோ வருகிறது. டீசல் எஞ்சின் பம்பைச் சுற்றும். பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தம்தான் கையையும் வாளியையும் ஆட்டுகிறது. பத்துப் பேர் நாள் முழுக்க வெட்டுவதைக் கொஞ்ச நேரத்தில் வெட்டிப்போடும். ஆனால் மலையின் அடியை வெட்டினால் மேல் மண்ணுக்குத் தாங்கல் போச்சு. வெட்டியதைப் பள்ளத்தில் தள்ளினால் அது இறுகாத மண். மழை ஊறினால் கீழேதான் வரும்.

2014 ஒக்டோபர் 29-ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை யாரும் மறக்கவில்லை. அது பெக்கோவால் வந்தது என்று நான் சொல்லவில்லை. நனைந்த மலைக்கு எவ்வளவு பலம் என்று காட்டத்தான் சொல்கிறேன்.

ஆகவே லயத்துக்குப் பின்னால் வெட்ட வந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இருக்கிறதா என்று தலைவர்மார் மூலம் கேளுங்கள். கேட்பது சண்டையல்ல, உரிமை. வெட்டிய மண் கானை அடைக்க விடாதீர்கள். பெக்கோ திரும்பும் சுற்றுக்குள் பிள்ளைகளை விடவே வேண்டாம். பின்னால் நிற்பவர் டிரைவருக்குத் தெரியாது. மழை நாளில் நிலம் வெடித்தாலோ, மரம் சாய்ந்தாலோ, ஊற்றுத்தண்ணி திடீரெனக் கலங்கினாலோ, சாமான் எடுக்க நிற்காமல் பிள்ளைகளோடு வெளியேறுங்கள்.

சாமானைப் பிறகு வாங்கலாம். உயிரை எந்தக் கடையில் வாங்குவது?