போர்வை தைக்கையில் நூல் சிக்குவதேன்?

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தாய்மார்களுக்கான தையல் வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



தோட்டத்து லயங்களிலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள், கட்டிலையும் அலமாரியையும் விட்டுவிட்டு வந்தபோதும் தையல் இயந்திரத்தை மட்டும் விடாது லோரியில் ஏற்றி வந்ததை இவ்வட்டாரத்தில் நாம் கண்டிருக்கிறோம். காரணம் வெளிப்படை. பள்ளி திறக்குமுன் சீருடையும், தீபாவளிக்கு முன் இரவிக்கையும் தைத்துக் கொடுத்து ஈட்டிய பணம் அதனால் வந்ததாகும். அத்தகைய இயந்திரம், அடிக்கடி நூல் சிக்குகிறது என்னும் ஒரே காரணத்தால் பழைய இரும்பு வாங்குவோரின் வண்டியில் ஏறுவதைக் காணும்போது மனம் வருந்துகிறது. முறையாக எண்ணெயிட்டு வந்தால் வார்ப்பிரும்பாலான பழைய கறுப்பு இயந்திரம் மூன்று தலைமுறைக்கும் உழைக்கும்.

இயந்திரங்களைக் குறித்துக் கடிந்து பேசிய காந்தியடிகளே, 1924ஆம் ஆண்டில் ஜி. இராமச்சந்திரனுடன் உரையாடுகையில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு அன்பினால் சிங்கர் அதனைப் படைத்தார் என்று அவர் கருதினார். வரலாறு அத்துணை இனிமையானதன்று. எலியாஸ் ஹோ என்பார் 1846இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஐசக் சிங்கர் 1851இல் பெற்றது, மேம்படுத்திய வடிவத்துக்கே. எவர் பெற்றிருப்பினும், மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் அந்த முறையே இன்றைய மின் இயந்திரத்திலும் இருக்கிறது. அதனைப் புரிந்துகொண்டால் சிக்கலின் காரணமும் விளங்கும்.

இவ்வகுப்பில் நம்மிடம் பலமுறை கேட்கப்பட்ட வினா இது: "ஐயா, கைலி மூட்டும்போது நன்றாக ஓடுகிற இயந்திரம், ஒட்டுத்துணிப் போர்வையை வைத்தால் மட்டும் அடியில் நூலைக் கொத்தாகச் சேர்த்துக்கொள்கிறதே, ஏன்?"

ஊசி துணியைத் துளைத்துக் கீழே சென்று சற்றே மேலெழும்போது, அதன் காதருகே நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது. அடியிலுள்ள கொக்கி அவ்வளையத்தைப் பற்றி, பாபினைச் சுற்றிக் கொண்டுசெல்கிறது. பின்னர் மேலே ஏறியிறங்கும் நூல்தூக்கி, எஞ்சிய நூலை மேலே இழுத்துத் தையலை இறுக்குகிறது. மேல்நூலை இரு சிறு வட்டத்தகடுகள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் இந்த இழுப்பு நிகழும். பிடிப்பில்லையேல் நூல்தூக்கி, அடியிலுள்ள வளையத்தை இழுப்பதற்குப் பதிலாக நூலுருளையிலிருந்து புதுநூலையே இழுக்கும். வளையங்கள் அடியிலேயே தங்கிக் கொத்தாகும். சிக்கு கீழே தோன்றினாலும் குற்றம் பெரும்பாலும் மேலேதான். இதனை அறியாமையால்தான் பலர் பாபின் கூட்டின் சிறு திருகாணியைத் திருகித் திருகி, நன்றாயிருந்ததையும் கெடுத்துவிடுகின்றனர்.

போர்வையில் மட்டும் இது நேர்வதேன்? துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கினால் அந்த வட்டத்தகடுகள் விலகிக்கொள்ளும், இறக்கினால் நெருங்கிக்கொள்ளும். பழைய சேலை, நடுவே பஞ்சுத்தகடு அல்லது நைந்த கம்பளி, அடியில் கைலி என மூன்றடுக்கை உள்ளே தள்ளும்போது, துணியின் தடிப்பே பாதத்தைத் தொட்டு நிற்கும். பாதம் இறங்கிவிட்டதென்று கண் ஏமாறும். நெம்புகோலோ இன்னும் மேலேயே இருக்கும். மிதித்தவுடன் சிக்கல்தான். ஆகவே தடித்த துணியில் கண்ணை நம்பாமல், பின்புறத்து நெம்புகோலைக் கையால் தொட்டுப் பார்த்தே தொடங்குக. நூல் கோக்கும்போது பாதம் தூக்கியிருக்க வேண்டும். தைக்கும்போது இறங்கியிருக்க வேண்டும். மாற்றிச் செய்வோரே மிகுதி.

தொடங்கும்போது மேல்நூல், அடிநூல் இரண்டின் நுனிகளையும் பாதத்தின் பின்னே பிடித்துக்கொண்டு மூன்று நான்கு தையல் ஓட்டுக. மிதி இயந்திரத்தில் சக்கரம் பின்னோக்கி ஒரு சுற்றுச் சுற்றினாலும் நூல் சிக்கும். கைச்சக்கரத்தின் மேற்புறம் எப்போதும் நம்மை நோக்கியே வரவேண்டும்.

ஊசியைப் பற்றி அடுத்துக் கூறுவோம். சட்டைத் துணிக்கு இட்ட 11ஆம் எண் ஊசியால் போர்வை தைப்பதும் தவறு. ஓராண்டாக மாற்றாத ஊசியால் தைப்பதும் தவறு. மூன்றடுக்குக்கு 14, மிகத் தடித்ததற்கு 16 பொருந்தும். தையல் ஒவ்வொன்றும் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கட்டும். போர்வையின் பாரம் மேசையிலிருந்து தொங்கினால், அது ஊசியைப் பக்கவாட்டில் இழுத்து வளைத்துவிடும். இடப்புறம் ஒரு நாற்காலியிட்டுப் பாரத்தை அதன்மேல் கிடத்துக. முதலில் கையால் நீண்ட ஓட்டுத்தையல் போட்டு அடுக்குகளைப் பிணைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துச் செல்க.

இவ்வளவு செய்தும் சிக்கிவிட்டால்? துணியைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். அவ்வாறு இழுத்தால் ஊசி வளைந்து, அதன் முனை கொக்கியில் இடித்துக் கீறும். அக்கீறலில் பின்னர் ஒவ்வொரு நூலும் மாட்டும். மின் இயந்திரமாயின் முதலில் மின்செருகியைக் கழற்றுக. கைச்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து ஊசியை மேலே கொணர்ந்து, பாதத்தைத் தூக்கி, துணிக்கும் ஊசித்தட்டுக்கும் இடையே சிறு கத்தரியை நுழைத்து நூல்களை வெட்டித் துணியை விடுவிக்க. பின்னர் ஊசியை அகற்றிப் பாபின் கூட்டைக் கழற்றுக. கொக்கியைச் சுற்றிய வளையம் இரு தாழ்ப்பாள்களால் பூட்டப்பட்டிருக்கும் வகையானால், அவற்றை விலக்கிக் கொக்கியையும் வெளியே எடுக்கலாம். எடுத்த வரிசையில் ஒரு வெள்ளைத்துணிமேல் வைத்தால் திரும்பப் பூட்டுகையில் திகைப்பு இராது. சக்கரம் அடியோடு அசையாவிடில், கொக்கிக்குப் பின்னே நூல்துணுக்கு சுருண்டிருக்கிறது என்று பொருள். ஒரு துளி எண்ணெயிட்டுச் சற்றுப் பொறுத்து, மெல்ல அசைத்தால் நுனி வெளிப்படும். சாமணத்தால் பற்றி எடுத்துவிடலாம். புது ஊசியிட்டுத் துண்டுத்துணியில் ஓட்டிப் பார்த்த பின்னரே போர்வைக்குத் திரும்புக.

எண்ணெய் பற்றிக் கண்டிப்பாக ஒரு சொல். அடுக்களையில் கைக்கெட்டும் தேங்காயெண்ணெயையோ செம்பனை எண்ணெயையோ ஊற்றுவோர் உளர். செம்பனை நடுவே வாழ்வோர்க்கு அது இயல்பாகத் தோன்றலாம்; ஆயினும் சமையலெண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகி, பஞ்சுத்தூளைப் பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திரத்துக்கென விற்கும் தெளிந்த எண்ணெயையே வாங்குக. ஒரு புட்டி ஓராண்டுக்கும் மேல் வரும். ஏற்கெனவே இறுகிவிட்டதெனில், உலோகப் பாகங்களில் சிறிது மண்ணெண்ணெய் தடவிப் பிசினைக் கரைத்துத் துடைத்த பின் நல்லெண்ணெய் என்று மயங்காது, மேற்சொன்ன எண்ணெயையே துளித்துளியாக இடுக. அடுப்பருகே இதனைச் செய்தல் ஆகாது. புதிய மின் இயந்திரங்களில் சிலவற்றுக்கு எண்ணெய் வேண்டுவதில்லை. உடன் வந்த கையேடு கூறும்படி செய்க.

போர்வை வேலை பஞ்சுத்தூளை மிகுதியாக உதிர்க்கும். எனவே ஒவ்வொரு போர்வை முடிந்ததும் ஊசித்தட்டைக் கழற்றி, அடியிலுள்ள பற்களின் இடுக்கைச் சிறு தூரிகையால் துடைக்க வேண்டும். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் துருவுக்கு வித்து. நம் நாட்டுக் காற்றின் ஈரமே போதுமானது!

ஒட்டுத்துணிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இரவிக்கை தைப்போரிடம் கேட்டுப் பாருங்கள். மலாய்க்காரர் 'காயின் பெர்ச்சா' என்னும் வெட்டுத்துணி அவர்களிடம் மிஞ்சும். பட்டையும் பருத்தியையும் ஒரே போர்வையில் கலவாதிருப்பது நன்று. துவைத்தால் ஒன்று சுருங்கி, மற்றொன்று சுருங்காது.

ஊசி வாங்கச் செல்கையில் பழைய ஊசியைத் தாளில் மடித்து எடுத்துச் செல்க. வீட்டு இயந்திர ஊசியின் தலை ஒருபுறம் தட்டையாயிருக்கும். தொழிற்சாலை இயந்திர ஊசியின் தலை முழுதும் உருண்டையாயிருக்கும். ஒன்று மற்றொன்றுக்கு உதவாது. புது ஊசியும் சரியான நூற்கோப்பும் இருந்தும் தையல் விட்டுவிட்டு விழுமாயின், கொக்கி ஊசியைச் சந்திக்கும் நேரம் பிசகியிருக்கலாம். அதனை மட்டும் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். கொண்டு செல்லும்போது தையல் விட்டுவிட்டு விழுந்த துணித்துண்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை குறையும், கூலியும் குறையலாம்.