ஏலத்திற்கு வந்த அந்தரங்கம்



கல்விக்கென்று பொருள் ஒதுக்கி வைப்பது வில்லியனூர், பாகூர் வட்டாரத்து இந்த மண்ணுக்குப் புதிதன்று; பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, பாகூர் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் பேசுகின்றன. அத்தகைய மண்ணில், ஓர் ஆசிரியரின் நினைவாக எழுந்த அறக்கட்டளை மேடையில், தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இராச் சாப்பாட்டு வேளையில் எந்தத் தெருவில் நடந்தாலும் வீட்டுக்கு வீடு ஒரே குரல் கேட்கிறது என்னும்போது, அந்தக் குரலைப் பற்றிப் பேசாதிருப்பதே பிழையாகும்.

1999-ஆம் ஆண்டு ஹாலந்து தேசத்தில் தொடங்கிய ஒரு நிகழ்ச்சி, பல நாடுகளைச் சுற்றி, 2017 ஜூன் 25 அன்று 'பிக் பாஸ்' என்னும் பெயரில், கமல்ஹாசன் அவர்கள் தொகுத்து வழங்க, விஜய் டிவி வழியாகத் தமிழ் வீடுகளுக்குள் புகுந்தது. கடிகாரமில்லை, செய்தித்தாளில்லை, கைபேசியில்லை. பூட்டிய வீட்டினுள்ளே ஏறத்தாழ நூறு நாட்கள், இமைக்காத கேமராக்களின் முன்னே, சிலர் உண்டு, உறங்கி, சண்டையிட்டு, அழ, வாராவாரம் வெளியிலிருந்து விழும் வாக்குகளால் ஒருவர் வெளியேற்றப்படுவார். இறுதிவரை நின்றவருக்கு ஐம்பது இலட்ச ரூபாய் பரிசு. இந்த ஐம்பது இலட்சத்தைச் சுட்டிக்காட்டி, பொருளாசையைக் கண்டித்துவிட்டு இறங்கிவிடுவது பிரசங்கம் செய்வோருக்கு எளிது. எனக்கு அதில் நாட்டமில்லை. வறுமையிலிருந்து மீள ஒருவர் பரிசுப் பணத்தை நாடுவதை, மாதச் சம்பளம் வாங்கிப் பழகிய நான் குறைகூறினால் அது அழகன்று. பளபளக்கும் சோபாவும், விளம்பரதாரர் அளிக்கும் வண்ண வண்ணப் பண்டங்களும் அந்த வீட்டின் மேற்பூச்சு மட்டுமே. அங்கே உண்மையில் விற்பனையாகும் சரக்கு மனிதனின் அந்தரங்கம்.

அந்த வீட்டில் ஓர் அறை உண்டு. ஒருவர் மட்டும் தனியே நாற்காலியில் அமர்ந்து, முகம் தெரியாத ஒரு குரலிடம் தம் மனத்தைத் திறக்கிறார். உடன் வசிப்பவரில் யாரை வெளியேற்றலாம் என்பதையும் பெரும்பாலும் அங்கேதான் சொல்கிறார். கத்தோலிக்கருக்கு இந்த அமைப்பு பழக்கமானது. நம் கோயில் மூலையிலும் ஒரு சிறு மரக்கூண்டு இருக்கிறது. அங்கும் முகம் மறைந்த ஒருவரின் செவியில் நாம் பாவசங்கீர்த்தனம் செய்கிறோம். ஆனால் அங்கே சொல்வது தன் குற்றத்தை; இங்கே சொல்வது பிறர் குற்றத்தை. அங்கே கேட்டவர் வாய் திறக்கலாகாது: 1215-ஆம் ஆண்டு திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம், பாவசங்கீர்த்தன இரகசியத்தை வெளியிடும் குருவைப் பதவியிலிருந்து நீக்கி, ஆயுள் முழுவதும் தவம் செய்ய மடத்தில் அடைக்க வேண்டுமென்று விதித்தது. இங்கேயோ, கேட்டதைக் கோடிப்பேருக்கு ஒளிபரப்புவதே தொழில். அந்த அறையில் சிந்தும் கண்ணீருக்கு மன்னிப்பு கிடைப்பதில்லை. வாக்கு கிடைக்கிறது, அல்லது கிடைக்காமல் போகிறது.

அந்தரங்கத்தை விற்க மறுத்த ஒருத்தியை அறிய, நம் வில்லியனூர் மாதா கோயிலின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். ஈஸ்டருக்குப் பின் வரும் பெருவிழாவில் திரளும் கூட்டத்தில் எத்தனைபேர் இதை எண்ணிப் பார்த்திருப்போம்: 1877-இல் இங்கே லூர்து மாதாவுக்குக் கோயில் எழுந்தபோது, மாதாவைக் கண்ட பெர்னதெத் பிரான்சு தேசத்தில் உயிருடன் இருந்தாள். ஆலைத் தொழில் நொடித்து, பழைய சிறைக்கூடமாயிருந்த ஒற்றையறையில் குடியிருந்த குடும்பத்தின் பெண் அவள். 1858-இல் காட்சி கண்டபின் அவளைக் காண ஊர் ஊராய்ச் சனம் வந்தது. பணத்தை நீட்டினார்கள், மறுத்தாள். புகைப்படக்காரர்கள் அவள் உருவத்தைப் படம்பிடித்து விற்றார்கள். அது அவளுக்கு உகக்கவில்லை. 1866-இல் நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்திற்குச் சென்றவள், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்திருந்து, 1876-இல் லூர்துப் பேராலயத்தின் அபிஷேக வைபவத்திற்குக்கூடத் திரும்பாமல், 1879-இல் அந்த மடத்திலேயே மரித்தாள். பிரசித்தி அவளைத் தேடி வந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். தர்மமும் ஜெபமும் பிறர் காணச் செய்யற்க என்று மலைமேல் சேசுநாதர் போதித்ததை இவ்வளவு நேராக வாழ்ந்து காட்டியவர் அரியர்.

பிக் பாஸ் வீட்டினுள்ளே அடைபட்டவரைவிட வெளியே அமர்ந்திருக்கும் நம்மைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். அர்ச். அகுஸ்தீனார் தம் நண்பர் அலீப்பியுஸைப் பற்றி எழுதியிருக்கிறார்: ரோமாபுரியில் மனிதரை மனிதர் வெட்டிச் சாய்க்கும் களியாட்டத்திற்கு நண்பர்கள் அவரை வலிந்து இழுத்துச் சென்றார்கள், கண்களை இறுக மூடி அமர்ந்திருந்தவர், கூட்டம் எழுப்பிய ஒரே ஆரவாரத்தில் கண்ணைத் திறந்துவிட்டார், அதன்பின் அவரே பிறரை அங்கே அழைத்துச் செல்பவரானார். காலப்போக்கில் அவர் மனந்திரும்பி ஆயரானார் என்பது நமக்கு ஆறுதல். பிறர் அவமானத்தைக் காணும் ருசி ஆயுதமில்லாத களத்திலும் அதே ருசிதான். அது கேமராவைக் கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருக்கும் நம் வீட்டிற்குள்ளும் நுழைந்துவிட்டது.

ஆகவே தாய்மார்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிவியை உடைக்கச் சொல்லவில்லை. அது நடக்கிற காரியமன்று. உங்கள் பிள்ளை கோபித்து அழும்போது கைபேசியை எடுத்துப் படம்பிடிக்காதீர்கள். பிடித்ததை எவருக்கும் அனுப்பாதீர்கள்.