தேர்தல் தோல்வியும் நம்மவர் கடமையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று பேசும்படி நிர்வாகிகள் எனக்குக் கட்டளையிட்டபோது, கல்வி நிதியைப் பற்றியோ, கலியாணச் செலவைக் குறைப்பது பற்றியோ நான் பேசுவேனென்று பலர் எதிர்பார்த்திருக்கலாம். அவை அவசியமான விஷயங்களே. ஆயினும், தேர்தல் வந்து போகுந்தோறும் நம் குடும்பங்களில் ஒரு விசனம் புகுந்து, வாய்விட்டுப் பேசுவாரின்றி நாளடைவில் பகையாக முற்றிவிடுவதைக் காண்கிறோம். அதைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல உத்தரவு வேண்டுகிறேன். எந்தக் கட்சியையும் புகழவோ இகழவோ நான் முன்வரவில்லை. இச்சபையில் எல்லாக் கட்சியாரும் வீற்றிருக்கிறார்கள். அதுவே இச்சபைக்குப் பெருமை.

நல்ல காரியத்திற்கு அழைத்தால் போகவேண்டும், துக்க காரியத்திற்கு அழையாமலே போகவேண்டும் என்பது நம் பெரியோர் வகுத்த முறை. பகையாளி வீட்டிலே சாவு நேர்ந்தாலும் வாசல் வரையிலாவது சென்று நின்றுவிட்டு வருகிறோம். ஆனால் தேர்தலில் தோற்றவன் வீட்டிற்கு மட்டும் எவரும் போவதில்லை. வென்றவன் வீட்டிலே மாலையும் பட்டாசும். தோற்றவன் வீட்டிலே சாத்திய கதவு. நான் சொல்வது அபேட்சகரை மாத்திரமன்று. இரண்டு மாதம் வெயிலில் அலைந்து வீடுவீடாய்ச் சீட்டுக் கொடுத்தவன், சாவடியிலே காலை முதல் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவன், தன் பணத்தில் கொடி கட்டியவன் ஆகிய எல்லோரும் அவ்வகையினரே. அவர்களுடைய துக்கத்தை நாம் துக்கமென்றே எண்ணுவதில்லை. “உனக்கென்ன நஷ்டம்? நாளைக்கு வேலைக்குப் போனால்தானே சோறு?” என்று சிரித்துவிடுகிறோம்.

அத்துக்கம் எங்கிருந்து வருகிறதென்று சற்று ஆராய்வோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் வாழும் நம்மவரில் பெரும்பாலோர் இம்மண்ணிலேயே பிறந்தவரல்லர். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் வேலை தேடி வந்தவர்களும் அவர்கள் மக்களுமே அதிகம். பிறந்த ஊரில் மாமன் வீடு ஒரு தெரு, சித்தப்பன் வீடு அடுத்த தெரு. இங்கேயோ பக்கத்து வாடகை வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது. அத்தகையவனுக்குக் கட்சியின் கிளை அலுவலகந்தான் உறவு முறையாய் அமைகிறது. பத்திரிகை படிப்பதும், தேநீர் அருந்துவதும், குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் தேடுவதும் அங்கேதான். தோல்வி வந்ததும் அந்த இடம் வெறிச்சோடிப் போகிறது. ஆகவே அவன் இழந்தது ஒரு தொகுதியை மட்டுமன்று; மாலைப்பொழுதில் போய் உட்காருவதற்கிருந்த ஓரிடத்தையும் இழந்தான். இதை உணராதவர் அவனுக்கு ஆறுதல் சொல்ல இயலாது.

இனி, நம் பக்கத்துச் சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1955-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நமது ஆவடியிலே காங்கிரஸ் மகாசபை கூடிற்று. தேபர் தலைமை வகித்தார். சோஷலிஸ்டு மாதிரிச் சமுதாயம் அமைப்பதே நோக்கமென்ற பிரசித்தி பெற்ற தீர்மானம் இங்கேதான் நிறைவேறியது. இந்த ராஜ்யத்தில் அக்கட்சி தோற்குமென்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால் கேட்டவர் நகைத்திருப்பார்கள். பன்னிரண்டே ஆண்டுகள் சென்றன. அரிசித் தட்டுப்பாடும், விலைவாசி ஏற்றமும், 1965-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் சேர்ந்து 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சியைக் கவிழ்த்துவிட்டன. பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையிலே பிறந்து, முதன் மந்திரியாயிருந்த பக்தவத்சலம் அவர்கள் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். மந்திரிகளில் பெரும்பாலோர் தோற்றனர். காமராஜர் தமது சொந்த ஊராகிய விருதுநகரிலே, சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டுகளில் தோற்றார்.

காமராஜருடைய மனம் அன்று எவ்வாறிருந்திருக்குமென்று எண்ணிப் பாருங்கள். ஒன்பது வருஷம் முதன் மந்திரியாயிருந்து, ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்தவர் அவர். ஆயினும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவில்லை. தொண்டர்கள் மத்தியிலேயே இருந்தார். 1969-ஆம் ஆண்டு நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று வென்று பார்லிமெண்டுக்குச் சென்றார்.

வென்ற தரப்பாரையும் பார்ப்போம். அறிஞர் அண்ணா அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1962-இல், தாம் பிறந்த காஞ்சீபுரத்திலேயே தோல்வியுற்றவர். அத்தேர்தலில் அவருடைய கட்சிக்கு 50 இடங்கள் கிடைத்தன. தலைவருக்கு மட்டும் இடமில்லை. அந்த வேதனையை அறிந்தவராதலால், காமராஜர் தோற்ற செய்தி வந்தபோது தம் கட்சியார் அதைக் கொண்டாடுவதை அவர் விரும்பவில்லையென்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோல்வியைத் தாம் அனுபவித்தவருக்கே பிறர் தோல்வியின் கனம் தெரியும்.

மற்றொரு கணக்கையும் கவனியுங்கள். 1967-இல் காங்கிரஸ் பெற்ற இடங்கள் 234-இல் 51 மாத்திரமே. ஆனால் அது பெற்ற ஓட்டுகள் நூற்றுக்கு 41 பங்கு! தி. மு. கழகம், கூட்டுக் கட்சிகளுக்குப் பல இடங்களை விட்டுக்கொடுத்து நின்று, ஏறக்குறைய அதே பங்கு ஓட்டுகளைப் பெற்று 137 இடங்களை வென்றது. நம் நாட்டுத் தேர்தல் முறையில் ஓர் ஓட்டு அதிகம் பெற்றவர் வென்றார். மற்ற யாவரும் தோற்றார். ஆகையால், “ஊரே என்னைக் கைவிட்டது” என்று தோற்றவன் புலம்புவதற்கு நியாயமில்லை. தெருவில் எதிர்ப்படும் பத்துப் பேரில் மூவரோ நால்வரோ அவனுடைய பக்கத்தில் நின்றவர்களே. அதுபோலவே, “ஊர் முழுவதும் எங்களுடையது” என்று வென்றவன் செருக்குவதற்கும் நியாயமில்லை.

இவ்விடத்தில் ஓர் அபாயத்தையும் சொல்லவேண்டும். இக்காலத்தில் ஓட்டுக் கணக்குகள் சாவடி வாரியாக வெளியாகின்றன. இயந்திரம் வருமுன், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாய்க் கலந்து எண்ணும் வழக்கமிருந்தது. இப்பொழுதோ எந்தத் தெரு எவருக்குப் போட்டதென்று விரல் விட்டு எண்ணிவிடலாம். தோற்றவன் அந்தக் காகிதத்தை விரித்து, “இந்தத் தெருவார் துரோகிகள், இந்தச் சாதியார் சதிகாரர்கள்” என்று தீர்ப்பெழுதுகிறான். துக்கம் துவேஷமாக மாறுவது அந்தக் கணத்திலேதான். ஒரு தெருவின் ஓட்டு அத்தெருவிலுள்ள ஒவ்வொருவரின் ஓட்டும் ஆகாது. ஓட்டு இரகசியம் என்பது சட்டம். அதை ஊகித்துப் பகைப்பது அதர்மம். நம் சங்கத்தின் பெயரைச் சொல்லி எவரேனும் அவ்விதம் பேசுவாராயின், முதலில் தடுக்கவேண்டியவர்கள் நாமே.

ஆகவே நாம் செய்யத்தக்கவை யாவை? மூன்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, முடிவு வெளியான ஒரு வாரத்திற்குள், நம்மில் வென்ற கட்சியைச் சேர்ந்தவர்கள் தோற்ற கட்சியைச் சேர்ந்தவர்களின் இல்லத்திற்கு அழையாமலே செல்லவேண்டும். அரசியல் பேச வேண்டாம். “ஏன் தோற்றீர்கள்?” என்று கேட்கவும் வேண்டாம். துக்க வீட்டில் வைத்தியம் சரியா தவறா என்று எவரும் கேட்பதில்லை. உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து, குழந்தைகளை விசாரித்துவிட்டு வந்தாலே போதும்.

இரண்டாவது, சங்கத்தின் கட்டடம் தேர்தலுக்குப் பிந்திய நாட்களில் மாலைதோறும் திறந்திருக்கவேண்டும். வெறிச்சோடிய கிளை அலுவலகத்திற்குப் பதிலாக, எக்கட்சியானும் வந்து உட்காருவதற்கு ஓர் இடம் இருக்கட்டும். பத்திரிகையும் நாற்காலியும் தண்ணீர்ப் பானையுமிருந்தால் மற்றது தானே நடக்கும். தாய்மார்களுக்கென்று தனி நாளும் வைக்கலாம். புருஷர் தோல்வியால் வீட்டில் எழும் கோபத்தையும், தேர்தலுக்கு வாங்கிய கடனையும் முதலில் சுமப்பவர்கள் அவர்களல்லவா?

மூன்றாவது, சிலருடைய துக்கம் விசாரிப்பினால் மட்டும் தீராது. தலைவர்கள் சிறைப்பட்டபோதும் மறைந்தபோதும் தம் உயிரையே மாய்த்துக்கொண்ட தொண்டர்கள் இந்நாட்டில் உண்டு. அதைத் தியாகமென்று புகழ்வது பெரும் பாவம். அவர்களுடைய பெண்டு பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். உறக்கமும் உணவுமின்றி, பேச்சுமின்றி ஒருவர் இருக்கக் கண்டால் தனியே விடாதீர்கள். சர்க்காரின் 104 என்னும் எண்ணிலும், 14416 என்னும் மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். வைத்தியரிடம் போவது எவ்வாறு இழிவல்லவோ, அவ்வாறே இதுவும் இழிவன்று.

சகோதரர்களே! பார்லிமெண்டுக்கு ஒரு தேர்தல், சட்டசபைக்கு ஒரு தேர்தல், நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் ஒரு தேர்தல் என்று மாறிமாறி வந்துகொண்டேயிருக்கும். இன்று மாலை சூடியவர் நாளை கதவைச் சாத்துவார். இன்று கதவைச் சாத்தியவர் நாளை மாலை சூடுவார். கட்சிகள் எழும், விழும். ஆனால் நம் வீட்டுப் பெண்ணின் கலியாணத்திற்குப் பந்தற்கால் நடவும், பெரியவர் காலமானால் தோள் கொடுக்கவும், அடுத்த தெருவிலிருக்கும் அந்த மாற்றுக் கட்சிக்காரர்தான் வரவேண்டும். அவர் வருவாரா மாட்டாரா என்பது, அவர் தோற்ற அன்று நாம் போனோமா இல்லையா என்பதைப் பொறுத்தது.